கரும்பு வெட்டியவர்களின் சிறுநீரகம்

பெண்ணாடம் சுற்றுவட்டாரக் காலனிகளில் சிறுநீரக நோயை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. 'உப்பு ஏறிப்போச்சு' என்றுதான் சொல்கிறார்கள். ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் கூடியிருப்பதற்கு ஊர் வைத்த பெயர் அது. உயர் ரத்த அழுத்தத்துக்குப் பெயர் 'பிரஷர்'. ஒரே ஆளுக்கு இரண்டும் இருந்தால், 'பிரஷர் முத்தி கிட்னியை அடிச்சிடுச்சு' என்பார்கள். அடுத்த மூச்சிலேயே இன்னொருவர், 'பிரஷர் மாத்திரை தின்னுதான் கிட்னி போச்சு' என்பார். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, மாத்திரையை நிறுத்தவைத்து ஆளைக் கொல்கிற பொய். களப்பணியில் இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்டுக் கேட்டுத்தான், அழுத்தம் முதலில் வந்ததா, சிறுநீரகம் முதலில் கெட்டதா என்ற கேள்வியை நாங்கள் பின்தொடர ஆரம்பித்தோம். மருத்துவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. ஆனால் இதன் பதில் மருத்துவப் புத்தகத்தோடு முடிவதில்லை. கூலி, வெயில், தண்ணீர், சாதி எல்லாம் இதற்குள் வருகின்றன.

1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கி இறந்தவர்களின் சிறுநீரில் புரதம் இறங்கியிருந்ததையும், அவர்களின் சிறுநீரகங்கள் சிதைந்திருந்ததையும் சேர்த்துப் பார்த்து எழுதினார். இறந்தவர்களின் இதயம் பெருத்திருந்ததும் அவர் கண்ணில் பட்டது. சிறுநீரகம் கெட்டதால்தான் மற்றதெல்லாம் வந்தது என்பதே பல பத்தாண்டுகளுக்கு மருத்துவ உலகின் கருத்தாக இருந்தது. அதை 1870களில் அதே மருத்துவமனையில் கேள்வி கேட்டவர் பிரடெரிக் அக்பர் முகமது. பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சேக் தீன் முகமதுவின் பேரன். கையில் கட்டிக் காற்றடிக்கும் பட்டை அப்போது கிடையாது. நாடித் துடிப்பைக் காகிதத்தில் வரையும் கருவி ஒன்றைத் திருத்தியமைத்து, சிறுநீரில் புரதம் இறங்குவதற்கு முன்பே சிலருக்கு அழுத்தம் கூடியிருப்பதைக் காட்டினார். 1884இல், முப்பத்தைந்து வயதில், டைபாய்டில் இறந்துபோனார். நமது பாடப்புத்தகங்களில் அவர் பெயரைப் பார்த்ததாக நினைவில்லை. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் சுற்றும் பட்டையை 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி கொண்டுவந்தார். அதோடு ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும் முறை, 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்னது.

இன்றைய பதில், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது. சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. அழுத்தம் கூடிய ரத்தம் ஆண்டுக்கணக்கில் மோதினால் அவை தழும்பாகிப் போகும். வடிகட்டிகள் குறைந்தால் உப்பும் நீரும் உடலில் தங்கும். ரத்தக் குழாய்களை இறுக்கும் சுரப்புகளும் கூடும். அழுத்தம் மேலும் ஏறும். வலியே இல்லாமல் இது நடக்கும். கால் வீங்கி, மூச்சு வாங்கி, பசியற்றுப் போய் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும்.

இந்த நோயைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருப்பது அமெரிக்காவில். அங்கே 'ஹிஸ்பானிக்' என்று வகைப்படுத்தப்பட்ட மக்களைத் தனியாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து வந்த ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்ட மக்கள் இவர்கள். வயலில் பறிப்பவர்கள், இறைச்சிக்கூடத்தில் வெட்டுபவர்கள், கட்டடம் கட்டுபவர்கள், வீடு துடைப்பவர்கள் இவர்களில் நிறையப் பேர். 2008இல் தொடங்கி நியூயார்க்கின் பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. சிறுநீரக நோயாளிகளை மட்டும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில், ஹிஸ்பானிக் நோயாளிகளின் ரத்த அழுத்தம் மற்றவர்களைவிடக் கட்டுக்கடங்காமல் இருந்தது தெரிந்தது. சிறுநீரகத்தைக் காக்கும் வகை அழுத்த மாத்திரைகள் அவர்களுக்குக் குறைவாகவே எழுதித் தரப்பட்டிருந்ததும் தெரிந்தது. குடியுரிமைப் பத்திரம் இல்லாதவர்களின் நிலை இன்னும் கொடுமை. பல மாநிலங்களில், மூச்சுத்திணறி உயிர்போகும் நிலைக்கு வந்தால்தான் அவர்களுக்கு டயாலிசிஸ். ஒருமுறை செய்து அனுப்பிவிட்டு, மறுபடி சாகக் கிடக்கும்போது வரச் சொல்வார்கள். கொலராடோ மாநிலம் 2019இல்தான் இதை மாற்றி வழக்கமான டயாலிசிஸ் கொடுக்க ஆரம்பித்தது.

இதையெல்லாம் படித்தால் உடனே ஒரு கேள்வி வரும்: 'அவங்க ரத்தத்துலயே இருக்கோ?' அமெரிக்க மருத்துவமும் நெடுங்காலம் அப்படித்தான் யோசித்தது. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவழியினரிடம் சிறுநீரக நோய் அபாயத்தைக் கூட்டும் ஒரு மரபணு மாற்றம் உண்மையிலேயே இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு உண்மையின் நிழலில் எத்தனையோ பொய்கள் ஒதுங்கிக்கொண்டன. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்திலேயே, நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைக் கூட்டிப் போடு என்று எழுதி வைத்திருந்தார்கள். 2009ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் அந்தக் கூட்டல் 16 விழுக்காடு. ஒரே வயது, ஒரே கிரியாட்டினின் அளவு, ஆனால் கறுப்பருக்குச் சிறுநீரகம் நன்றாக இருப்பதாகக் கணக்கு சொல்லும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவர் பெயர் தாமதமாக ஏறும். மாணவர்களும் மருத்துவர்களும் போராடிய பிறகு 2021இல்தான் அந்த இனக் கூட்டலைச் சூத்திரத்திலிருந்து எடுத்தார்கள். ஒரு கணக்குச் சூத்திரத்துக்குள்ளேயே இனம் இருபது ஆண்டுக்கும் மேல் உட்கார்ந்திருக்க முடிந்தது என்பதைச் சமூகவியல் படிக்கும் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹிஸ்பானிக் என்பது ஒரு இனமே அல்ல, 1970களில் அரசு வைத்த கணக்கெடுப்புப் பெயர். அதற்குள் வெள்ளையர், கறுப்பர், பூர்வகுடி எல்லாரும் இருக்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவரின் நோய்க் கணக்கு, தென் அமெரிக்காவிலிருந்து வந்தவரின் கணக்கு அல்ல. நம் 'பட்டியல் சாதி' என்ற சொல்லும் இப்படித்தான். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று வெவ்வேறு தொழிலும் வெவ்வேறு ஊரும் கொண்டவர்களை ஒரே பட்டியலில் வைக்கிறது. குறையுள்ள பெயர்தான். ஆனால் அந்தக் குறையுள்ள பெயரை வைத்து எண்ணியதால்தான் மாத்திரை கிடைக்காதவர் யார், டயாலிசிஸ் கிடைக்காதவர் யார் என்று அங்கே வாதாட முடிகிறது. நமக்கு அந்த எண்ணிக்கை இல்லை. தமிழ்நாட்டில் சிறுநீரக நோய் பற்றி வந்த நல்ல ஆய்வுகளில்கூட 'விவசாயக் கூலி' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். கூலி யார் என்று நமக்குத் தெரியும். கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். திட்டக்குடி தனித் தொகுதி. கொல்லையில் குனிந்து நிற்பவர்களைக் கணக்கெடுத்தால் அந்த 29 என்ன ஆகும் என்பதைப் பெண்ணாடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பெண்ணாடம் என்றதும் ஊர் வரலாறு எழுதுபவர்கள் தூங்கானைமாடக் கோயிலைச் சொல்வார்கள், அப்பரைச் சொல்வார்கள், மெய்கண்டாரைச் சொல்வார்கள். வெள்ளாற்றுக் கரையில் உழைத்தவர்களுக்கு அந்த வரலாற்றில் இடம் கிடையாது. அவர்களைத் தேடினால் வேறு காகிதங்களுக்குப் போக வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது, சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை வைத்துச் செய்து 1918இல் வெளியிட்ட கிராம ஆய்வு. அதில் தென்னார்க்காட்டு ஊர் ஒன்றும் இருக்கிறது, இன்றைய விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு. அங்கே 'படியாள்' முறை பதிவாகியிருக்கிறது. கடன் வாங்கி, அந்தக் கடனுக்குத் தன் உழைப்பையே கட்டிவைத்து, படி அளந்து தானியமாகக் கூலி வாங்கியவர்கள் படியாட்கள். கடன் தீராது, ஆளும் விடுபடமாட்டார். சாப்பாடு கூழ், அதற்கு உப்பும் மிளகாயும், கிடைத்தால் கருவாடு. வேலை சூரியன் எழுவதிலிருந்து சாயும்வரை. உப்புத் தின்று, வியர்த்து, தண்ணீருக்குக் காத்திருந்த உடல்கள் அவை. அந்த உடல்களின் ரத்த அழுத்தத்தை யாரும் அளக்கவில்லை. அளக்கும் பட்டை அந்த ஊருக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

கரும்பும் இந்த மண்ணில் அப்போதே இருந்தது. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வந்துவிட்டது. கிட்டத்தட்ட அதே காலத்தில் இந்த மாவட்டங்களின் மக்கள் கப்பலேறிப் போனதும் கரும்புக்குத்தான். மொரீசியஸ், பிறகு நேட்டால், பிறகு பிஜி. 1860 நவம்பர் 16இல் டர்பன் கரையை அடைந்த 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. அந்தக் கப்பல்களின் பட்டியலில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதியும் எழுதப்பட்டது. வெள்ளைக்காரன் கரும்புக் கொல்லைக்கு ஆள் எடுத்தபோது சாதியை எழுதிக்கொண்டான். இன்று அதே வேலையால் வரும் நோய்க்கு எழுதும் பேரேட்டில் அந்தக் கட்டம் இல்லை. ஒப்பந்தக் கூலி முறை 1917இல் நிறுத்தப்பட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது.

இனி இன்றைய கரும்பு வெட்டுக்கு வருவோம். பெண்ணாடத்தை ஒட்டிய இறையூரில் சர்க்கரை ஆலை வந்த பிறகு சுற்றியுள்ள ஊர்களில் கரும்பு பரவியது. ஆலை கட்டிங் ஆர்டர் கொடுத்ததும் மேஸ்திரி ஆள் சேர்ப்பார். கையில் முன்பணம். மகள் கல்யாணம், கூரை மாற்றுவது, பையன் பீஸ் என்று சீசனுக்கு முன்பே வாங்கித் தின்ற பணம் அது. படியாள் காலத்துக் கடனோடு இதை ஒப்பிட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கூலி நாள் கணக்கில் இல்லை, டன் கணக்கில். பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜோடி. வெட்ட வேண்டும், சோகை உரிக்க வேண்டும், கட்டுக் கட்ட வேண்டும், தலையில் சுமந்து டிராக்டரில் ஏற்ற வேண்டும். டன் கணக்கு என்பதால் நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலும் அது சொந்தக் காசு. தை மாசியில் வெட்டினால் ஓரளவு தாங்கும், பங்குனி சித்திரைக்கு இழுத்தால் கொல்லைக்குள் காற்றே இருக்காது. தண்ணீர் காலையில் கொண்டுபோன குடத்தோடு சரி. போர் செட் கொட்டகையில் போய்க் குடிப்பது இன்றும் எல்லாக் கொல்லையிலும் எளிதல்ல, யார் கொல்லை, யார் குடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடமில்லை என்பதுதான் காரணம். ராத்திரி உடம்பு வலி தாங்காமல் மருந்துக் கடையில் 'வலி மாத்திரை செட்' வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், முடியாவிட்டால் ஒரு ஊசி. அந்த வலி மாத்திரைகளில் பெரும்பாலானவை நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை, அழுத்தத்தையும் ஏற்றுபவை. பிரஷர் மாத்திரைக்குப் பயப்படும் மக்கள் இதற்குப் பயப்படுவதில்லை, ஏனென்றால் இது அடுத்த நாள் வேலைக்கு எழுப்பிவிடுகிறது.

இதே காட்சி மத்திய அமெரிக்காவில். 2002இல் எல் சால்வடார் தலைநகரில் உள்ள ரோசாலஸ் மருத்துவமனை மருத்துவர்கள், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சர்க்கரை நோயோ நீண்டநாள் ரத்த அழுத்தமோ இல்லை என்று எழுதினார்கள். பெரும்பாலும் கடலோரத்து விவசாயக் கூலி ஆண்கள். நிகராகுவாவின் சிச்சிகால்பா ஊரில் கரும்பு வெட்டுபவர்கள் முப்பது நாற்பது வயதில் இறந்தார்கள். அங்கே ஒரு குடியிருப்புக்கே 'விதவைகளின் தீவு' என்று பெயர் விழுந்தது. அங்கே நோய்க்கு மக்கள் வைத்த பெயர் 'கிரியாட்டினினா'. நம் ஊர் 'உப்பு' மாதிரியே, ஆய்வகத் தாளில் இருக்கும் சொல் நோயின் பெயராகிவிட்டது. நிவாரணம் கேட்டுப் போராடிய முன்னாள் வெட்டுத் தொழிலாளர்கள் மீது 2014 ஜனவரியில் போலீஸ் சுட்டதில் ஒருவர் செத்தார். வெயிலில் கடும் வேலை, நீர் வற்றுதல், சிறுநீரகத்துக்குச் சிறு காயம், ஆறுவதற்குள் மறுபடி காயம், சீசன் சீசனாக இது சேர்வது முக்கியக் காரணம் என்று அங்கே ஆய்வாளர்கள் பலர் ஏற்கிறார்கள். பூச்சிக்கொல்லி, கன உலோகம், தண்ணீரின் தன்மை ஆகியவற்றின் பங்கு பற்றிய விவாதம் இன்னும் ஓடுகிறது. இலங்கையில் அனுராதபுரம் பக்கம், ஆந்திராவின் உத்தானம் பக்கம் 1990களிலிருந்து காணப்படும் நோயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

நம் வாசலுக்கு அது எப்போது வந்தது? வந்து வெகுநாள் ஆகியிருக்கலாம், பெயர் வைக்கப்பட்டது 2020இல். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள், தங்களிடம் வரும் சிறுநீரக நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை என்று கண்டு, 'தொண்டைமண்டலச் சிறுநீரக நோய்' என்று எழுதினார்கள். புதுச்சேரியும் அதைச் சுற்றிய தமிழ்நாட்டு மாவட்டங்களும் அதில் வரும். (பெண்ணாடம் பழைய கணக்கில் நடுநாடு, தொண்டைமண்டலம் இல்லை. சிறுநீரகத்துக்கு அது தெரியாது.) 2023இல் சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகத் துறையினர் மாநிலத்தின் ஐந்து வேளாண் மண்டலங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனையிலும் நோய் உறுதியானவர்கள் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரையோ அழுத்தமோ காரணமாக இல்லை. உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் செய்த ஆய்விலும் பெரும்பாலானோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதும், சிலரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரிந்தது. விருத்தாசலம் பீங்கான் சூளைகளில் வேலை செய்பவர்களை யாராவது இப்படிப் பரிசோதித்தால் நல்லது. சூளை வெப்பம் ஒரு பக்கம் இருக்கட்டும், சிலிகா தூசி நுரையீரலோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது தெரிந்த செய்தி. ஈயம் கலந்த மெருகு எங்கே பயன்பட்டாலும் அது ரத்த அழுத்தம், சிறுநீரகம் இரண்டையும் தாக்கும். மெக்சிகோவின் மண்பாண்ட ஊர்களில் அதை நிறைய எழுதியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, இளம் தோழர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வெயில் உழைப்பால் வரும் இந்த நோயில் தொடக்கத்தில் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. சிறுநீரில் புரதமும் குறைவாகவே இறங்கும். ஆக, பிரஷர் பார்த்து '120/80, நல்லா இருக்கு' என்று அனுப்பப்படுகிற ஒரு கரும்பு வெட்டும் ஆளின் சிறுநீரகம் பாதி போயிருக்கலாம். அழுத்தம் ஏறுவது பிற்பாடு. அப்போது அது நோயின் விளைவு, பிறகு அதுவே நோயை வேகப்படுத்தும் காரணமும் ஆகிறது. அக்பர் முகமது ஒரு பாதையைக் காட்டினார், இது பிரைட் சொன்ன பழைய பாதை. ஒரே காலனியில் இரண்டு பாதையிலும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால் பிரஷர் பட்டை மட்டும் போதாது, வெயிலில் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தாக வேண்டும். சீசனுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்றால் இன்னும் நல்லது.

பட்டையும் மாத்திரையும் பயனற்றவை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மறுப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதினார். அந்த வேரிலிருந்து எடுக்கப்பட்டது ரெசர்பின். புது மருந்துகள் வந்ததும் நகரத்து மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் சென்னை சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி, தன் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு வெளியே உள்ள கிராமங்களில் சுமார் 25,000 பேரை எடுத்துக்கொண்டார். ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடுவீடாக அழுத்தம் பார்க்க வைத்தார், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்க வைத்தார். கொடுத்த மருந்து ரெசர்பின் போன்ற மலிவு மாத்திரைகள்தான். தலைக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் குறைந்த செலவில் பெரும்பாலானோரின் அழுத்தம் கட்டுக்குள் வந்ததை அவர் 2003இல் எழுதினார். டயாலிசிஸ் நாட்டு மக்கள் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, வருமுன் தடுப்பதுதான் வழி என்பது அவர் வாதம். அவர் சாதி பற்றிப் பேசியவர் அல்ல. ஆனால் அவர் போட்ட கணக்கு நமக்கு உதவும்.

தடுக்காமல் விட்டால் கடைசிப் படியில் என்ன இருக்கிறது? இந்தியாவின் முதல் டயாலிசிஸ் 1961இல், வெற்றிகரமாக உயிருள்ளவரிடமிருந்து பெற்றுச் செய்த முதல் சிறுநீரக மாற்று 1971இல், இரண்டும் வேலூர் சி.எம்.சி.யில். பெருமையான செய்திதான். ஆனால் 1980களில் மாற்று அறுவை பெருகியதும் சிறுநீரகம் எங்கிருந்து வந்தது? சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வந்தது. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. 2002இல் வெளியான ஒரு ஆய்வில், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்தார்கள். 96 விழுக்காட்டினர் கடன் அடைக்க விற்றவர்கள். நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். விற்ற பிறகு பெரும்பாலோரின் உடல்நிலை கெட்டிருந்தது, குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, கடன் அப்படியே இருந்தது. சேரியின் சிறுநீரகம் கொல்லையில் கெடும், கெடாமல் இருந்தால் விலைபோகும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவது சுலபம், அது உண்மை இல்லை. காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது, வயிற்று வழி டயாலிசிஸ் பைகளையும் தருகிறது. 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டம் வந்தது. 2024இல் தொழிற்சாலைகளுக்குள் போய் பரிசோதிக்கும் திட்டமும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது, வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம். நாங்கள் கேட்பது, இந்த வலையில் கரும்பு வெட்டும் ஆள் எந்தக் கண்ணி வழியாக விழுகிறார் என்பது. மாத்திரை தரும் அக்கா வீட்டுக்கு வரும்போது அவர் வேறு மாவட்டத்தில் வெட்டுக் குடிசையில் இருக்கிறார். கரும்புக் கொல்லை தொழிற்சாலை இல்லை. ஒரே நாளில் சுருண்டு விழுந்து செத்தால் அது பேரிடர், பத்து சீசன் வெயிலில் சிறுநீரகம் சுருங்கிச் செத்தால் அதற்குப் பெயர் கிட்னி ஃபெயிலியர். டயாலிசிஸ் இலவசம், ஆனால் வாரம் இரண்டு மூன்று நாள் பஸ் ஏறி, கூட ஒரு ஆளையும் அழைத்துக்கொண்டு போய்வர, அந்த ஆளின் கூலியும் போகிறது.

எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும் சில ஆலைகள், தொழிற்சங்கங்களும் ஆய்வாளர்களும் கொடுத்த நெருக்கடியில், ஒரு ஏற்பாட்டைச் செய்தன. கொல்லைக்கே நடமாடும் நிழற்கூடாரம், குளிர்ந்த தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், மணி அடித்துக் கட்டாய ஓய்வு, நண்பகலுக்கு முன் வெட்டை நிறுத்துவது. சிறுநீரகக் காயம் குறைந்தது, வெட்டிய டன்னும் குறையவில்லை. ஓய்வுக்கான கூலியை யார் தருவது என்பதுதான் அங்கே பெரிய சண்டையாக இருந்தது. இங்கே அந்தச் சண்டை தொடங்கவே இல்லை, காரணம் வெட்டும் ஆளுக்கு முதலாளி யார் என்பதே எழுதப்படவில்லை. ஆலையைக் கேட்டால் விவசாயி என்கிறது, விவசாயியைக் கேட்டால் மேஸ்திரி என்கிறார், மேஸ்திரி தானும் கூலிதான் என்கிறார். கரும்பு விவசாயிகளின் நிலுவைத் தொகைக்காக நடந்த போராட்டங்களில் நாமும் நின்றிருக்கிறோம், நியாயமான போராட்டங்கள். ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியல்களில் வெட்டுக்கூலி ஒரு செலவுக் கணக்காக வந்ததே தவிர, வெட்டியவர் வரவில்லை.

வரும் சீசனுக்கு முன் எங்கள் குழு மூன்று மனுக்கள் தயாரிக்கிறது. ஒன்று கிராமசபைக்கு: சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் வெட்டு ஆட்களுக்கு கிரியாட்டினின் பரிசோதனை. இரண்டாவது மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு: கட்டிங் ஆர்டரிலேயே வெட்டு ஆட்களின் பெயர், தண்ணீர், நிழல், ஓய்வு நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும், டன் கணக்குக்குக் கீழே ஒரு குறைந்தபட்ச நாள் கூலியும் இருக்க வேண்டும். மூன்றாவது, மருத்துவக் கல்லூரிகளின் சிறுநீரகத் துறைகளுக்கு: நோயாளியின் தொழிலை 'கூலி' என்று எழுதி முடிக்காமல், என்ன வேலை, எத்தனை சீசன், எந்தச் சமூகம் என்று கேட்டு எழுத வேண்டும். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கிறோம். ஆஸ்பத்திரியில் எதற்குச் சாதி என்பார்கள். கரும்புக் கொல்லையில் எதற்கு என்று அவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.